பரிந்துரை எப்போது கட்டளையாகிறது?

2001ஆம் ஆண்டளவில் நான் பணியாற்றிய நாளிதழ் இணையத்திலும் வெளிவரத் தொடங்கியது. அதன் முகப்புப் பக்கத்தின் அடியில் ஒரு குறிப்பு எப்போதும் நின்றது. பக்கத்தை இன்ரநெற் எக்ஸ்புளோரரில், 800க்கு 600 என்ற திரை அளவில் பார்க்குமாறும், எழுத்துக்கள் தெரியாவிடின் எழுத்துருவைத் தரவிறக்கிக் கொள்ளுமாறும் அது வாசகரைக் கேட்டுக்கொண்டது. அப்படியிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் முறைப்பாடுகள் வந்தவண்ணமிருந்தன. செய்தி இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துக்களும் புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் சிதறிக் கிடக்கின்றன என்பார்கள்.

பக்கத்தை வடிவமைத்த இளைஞரிடம், இதற்கென்று உலகப் பொதுவான விதி எதுவும் கிடையாதா என்று கேட்டேன்.

"விதி இருக்குது அண்ணை. ஆனா விதி எழுதிறவை ஒரு ஆக்கள், உலாவி செய்யிறவை வேறை ஆக்கள். நாங்கள் உலாவி செய்யிறவையின்ரை சொல்லைத்தான் கேக்கவேணும்" என்றார் அவர்.

அன்று அதனை ஓர் அலுப்பான பதிலாகவே எடுத்துக்கொண்டேன். இணைய நியமங்களின் வரலாற்றைப் பின்னாளில் ஓரளவு வாசித்தபோதுதான், அந்த இளைஞர் முப்பது ஆண்டுகாலச் சிக்கலொன்றை இரண்டே வசனங்களில் சொல்லிவிட்டார் என்பது புரிந்தது. ஒரு பக்கம் எப்படி எழுதப்பட வேண்டும் என்று விதிக்கும் அமைப்புகளிடம் பொலிஸ் இல்லை, நீதிமன்றம் இல்லை, அபராதம் விதிக்கும் உரிமையும் இல்லை. இருந்தும் உலகம் அவற்றின் சொல்லைக் கேட்கிறது. சில வேளைகளில் கேட்க மறுக்கிறது. எப்போது கேட்கிறது, எப்போது மறுக்கிறது என்பதே இங்கு நமது கேள்வி.

அரசாங்கங்கள் ஆணையிட்டால் நியமம் நிலைத்துவிடும் என்று ஒரு காலத்தில் நம்பப்பட்டது. கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான முறைகளை வகுக்கும் வேலையை 1970களின் பிற்பகுதியில் சர்வதேச நியம நிறுவனம் கையிலெடுத்தது. நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். குழுக்கள், உபகுழுக்கள் அமைந்தன. ஏழு அடுக்குகள் கொண்ட அதன் மாதிரி 1984இல் வெளியாயிற்று. அதனைத் தழுவிய முறைகளைத் தனது திணைக்களங்கள் வாங்கும் கணினிகள் கொண்டிருக்க வேண்டும் என்று 1990இல் அமெரிக்க அரசாங்கம் விதித்தது. உலகில் இதைவிடக் கனமான முத்திரை வேறெது?

மறுபுறத்தில் இருந்தது ரி.சி.பி./ஐ.பி. என்ற முறை. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆராய்ச்சி வலையமைப்பு 1983 ஜனவரி 1ஆம் திகதி அதற்கு மாறியிருந்தது. பேர்க்லி பல்கலைக்கழகம் அதனைத் தனது யுனிக்ஸ் இயங்குதளத்தில் சேர்த்து வெளியிட்டதனால், பல்கலைக்கழகங்களுக்கு அது கையோடு கிடைத்தது. இதனைப் பராமரித்த இணையப் பொறியியல் செயலணியின் முதற் கூட்டம் 1986 ஜனவரியில் நடந்தபோது வந்திருந்தவர்கள் 21 பேர். அங்கே அங்கத்துவம் என்று எதுவுமில்லை. எண்ணி முடிவெடுக்கும் வாக்கெடுப்பும் இல்லை. ஏறத்தாழ எல்லோரும் உடன்பட வேண்டும், எழுதியது உண்மையில் ஓடிக் காட்டவேண்டும், அவ்வளவுதான். 1969 ஏப்ரலில் ஸ்ரீவ் குறொக்கர் என்ற பட்டதாரி மாணவர் முதலாவது குறிப்பை எழுதியபோது அதற்கு 'கருத்துக் கோரல்' என்றே பெயரிட்டார். தாங்கள் அதிகாரம் செலுத்துவதாக யாரும் எண்ணிவிடக் கூடாது என்ற மாணவத் தயக்கத்தில் பிறந்த பெயர் அது. இன்றும் இணையத்தின் அடிப்படை விதிகள் அந்தப் பெயரிலேயே வெளிவருகின்றன.

1995இல் அமெரிக்க அரசாங்கம் தனது கட்டளையைத் தளர்த்தி ரி.சி.பி./ஐ.பி.க்கு இடம் கொடுத்தது. அரச முத்திரை பெற்ற முறை பாடப்புத்தகங்களில் ஏழு அடுக்குப் படமாக மிஞ்சியது.

இந்தப் பின்னணியிலேதான் உலகளாவிய வலை வந்து சேர்கிறது. ஜெனீவாவுக்கு அருகேயுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் ரிம் பேர்னேர்ஸ்-லீ 1989இல் முன்மொழிந்த இந்த ஏற்பாட்டை, யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அந்நிறுவனம் 1993 ஏப்ரல் 30இல் அறிவித்தது. பக்கங்களை எழுதும் எச்.ரி.எம்.எல். மொழியின் இலக்கணத்தை யார் தீர்மானிப்பது என்ற சச்சரவு அதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. அவ்வாண்டு பெப்ரவரியில் இலினோய் பல்கலைக்கழகத்தில் மொசைக் உலாவியை எழுதிக்கொண்டிருந்த மார்க் அன்ட்றீசன், பக்கத்தில் படம் சேர்ப்பதற்கு ஒரு குறியீட்டை மற்றவர்களிடம் முன்மொழிந்தார். பேர்னேர்ஸ்-லீ உட்படப் பலர் வேறு வழிகளைச் சொன்னார்கள். அவற்றுட் சில அன்ட்றீசனின் வழியைவிடச் செம்மையானவை என்றே எனக்குத் தோன்றுகிறது. விவாதம் முடிவதற்கு அவர் காத்திருக்கவில்லை. தமது குறியீட்டை மொசைக்கிலே சேர்த்து வெளியிட்டுவிட்டார். இன்று உலகிலுள்ள பக்கங்களில் படங்கள் அந்தக் குறியீட்டினாலேயே தோன்றுகின்றன.

இத்தகைய சச்சரவுகளுக்கு நடுவராக இருக்கவே பேர்னேர்ஸ்-லீ அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்துக்குச் சென்று 1994 ஒக்டோபரில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பை நிறுவினார். ஐரோப்பாவில் அதற்கு இருப்பிடமாக இருக்கவேண்டியது சேர்ன். ஆனால் பெரும் துகள் மோதுபொறியைக் கட்டும் செலவு முன்னே நின்றதால் அது விலகிக்கொள்ள, பிரான்சின் இன்றியா ஆய்வு நிறுவனம் 1995இல் அவ்விடத்தை ஏற்றது. 1996இல் ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகம் சேர்ந்தது. கூட்டமைப்புக்கெனச் சட்டரீதியான ஆளுருவம் அப்போது கிடையாது; இந்த நிறுவனங்களுக்கிடையிலான உடன்படிக்கைகளே அதன் உடல். அங்கத்துவப் பணம் செலுத்திய கம்பனிகள் குழுக்களில் அமர்ந்தன. இறுதி முடிவு பணிப்பாளராகிய பேர்னேர்ஸ்-லீயுடையது.

தனது முடிந்த முடிவுகளுக்கு அது 'நியமம்' என்று பெயர் வைக்கவில்லை. 'பரிந்துரை' என்றே அழைத்தது. அடக்கத்தினால் வந்த பெயர் என்று சொல்வோர் உண்டு. கட்டளையிடும் வலு இல்லாதவன் வேறென்ன பெயர் வைப்பான் என்று கேட்கவும் இடமுண்டு.

அந்த வலுவின்மை சீக்கிரமே வெளிப்பட்டது. எச்.ரி.எம்.எல். 3.0 என்ற பெயரில் 1995இல் வந்த விரிவான வரைவு, கணித வாய்பாடுகள் முதல் பல வசதிகளை விதித்தது. உலாவி செய்பவர்கள் அதனை எடுத்துக்கொள்ளவில்லை. வரைவு அவ்வாண்டிலேயே காலாவதியாயிற்று. நெற்ஸ்கேப் எழுத்துக்களைக் கண்சிமிட்ட வைத்தது. மைக்ரோசொப்ட் எழுத்துக்களை ஊர்ந்து செல்ல வைத்தது. இரண்டையும் எந்தக் குழுவும் விதிக்கவில்லை. இந்நிலையில் கூட்டமைப்பு செய்தது கெட்டிக்காரத்தனமான காரியம். உலாவிகள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தவற்றைத் தொகுத்து எழுதி, 1997 ஜனவரியில் எச்.ரி.எம்.எல். 3.2 என்ற பரிந்துரையாக வெளியிட்டது. இலக்கியத்தின் பின்னரே இலக்கணம் என்று நம்மவர் சொல்வார்களே, அந்த ஒழுங்கு. வழக்கைக் கண்டு எழுதிய இலக்கணம் என்பதால் எவரும் அதை மறுக்கவில்லை. அதன்மேல் நின்றுகொண்டு அதே ஆண்டு டிசெம்பரில் 4.0ஐ வெளியிட்டபோது, சற்று முன்னால் நடக்கவும் கூட்டமைப்பால் முடிந்தது.

அதற்கு வலுச்சேர்த்தவர்கள் பக்கங்களை வடிவமைத்துப் பிழைத்தவர்கள். ஒரே பக்கத்தை நெற்ஸ்கேப்புக்கு ஒரு விதமாகவும் எக்ஸ்புளோரருக்கு இன்னொரு விதமாகவும் செய்து களைத்த அவர்கள் 1998இல் 'வலை நியமத் திட்டம்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். ஜெஃப்ரி செல்ட்மன் அதன் முன்னணியில் நின்றார். கூட்டமைப்பு வெளியிட்டவை வெறும் பரிந்துரைகள்தான். அவற்றை 'நியமங்கள்' என்று விடாப்பிடியாக அழைத்தவர்கள் இவர்களே. 2005இல் இவ்வியக்கம் வெளியிட்ட 'அசிட்2' என்ற சோதனைப் பக்கம், விதிகளைச் சரியாகப் பின்பற்றும் உலாவியில் ஒரு சிரித்த முகமாகத் தெரியும். பின்பற்றாததில் அந்த முகம் சிதைந்து போகும். உலாவிக் கம்பனிகளுக்கு அந்தச் சிதைந்த முகம் ஒரு தலைகுனிவாகவே இருந்தது. அப்பிளின் சபாரி முந்திக்கொண்டு தேறியது. எக்ஸ்புளோரரின் எட்டாம் பதிப்பும் பின்னர் தேறியது. ஒரு கட்டளையும் சாதிக்காததை அது சாதித்தது என்பேன்.

தமிழ் எழுத்துக்களின் கதையும் இந்த உலாவிச் சண்டையோடு பின்னிக் கிடக்கிறது. எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பும் வசதியை 1997இல் வந்த இரு உலாவிகளும் வெவ்வேறு வடிவங்களில் வைத்திருந்தன. மைக்ரோசொப்டுக்கு ஒரு கோப்பு, நெற்ஸ்கேப்புக்கு இன்னொரு கோப்பு. எங்கள் இளைஞர் முதலாவதை மட்டுமே செய்திருந்தார். மற்றைய உலாவி வைத்திருந்தவர்கள் கண்டவைதான் அந்தப் புள்ளிகளும் அடைப்புக்குறிகளும். எல்லா உலாவிகளும் ஏற்கும் பொது எழுத்துரு வடிவம் கூட்டமைப்பின் பரிந்துரையாக வந்தது 2012 டிசெம்பரில்.

எழுத்துக் குறிமுறையிலும் இதுவே நடந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையடுத்து தமிழ்நாட்டு அரசு 'டாம்', 'டாப்' என்ற இரு குறிமுறைகளுக்கு ஒப்புதல் தந்தது. புலம்பெயர்ந்த ஆர்வலர்களும் தமிழகத்தவரும் மின்மடலிலே விவாதித்து உருவாக்கிய 'திஸ்கி'க்கு எந்த அரசும் முத்திரை குத்தவில்லை. அதற்கும் பயனாளர் இருந்தார்கள். நம்மவர் பலர் பாமினியை விடவேயில்லை. கடைசியில் வென்றது யுனிகோட். அதிலே தமிழ் எழுத்துக்களை அடுக்கிய முறை சரியில்லை என்று வாதிட்ட அறிஞர்களின் குறையில் நியாயம் உண்டென்றே நினைக்கிறேன். ஆனால் விண்டோஸ் 2000 அதனைத் தமிழ் எழுத்துருவோடு கொண்டுவந்தபின், தனியாக எதையும் தரவிறக்காமலே தமிழ் தெரிந்தது. தமிழ்நாட்டு அரசு யுனிகோடை முறைப்படி நியமமாக ஏற்றது 2010இல். அதற்குள் விடயம் முடிந்து பத்தாண்டு.

மீண்டும் கூட்டமைப்பிடம் வருவோம். வெற்றி அதன் தலைக்கேறியது என்று சொன்னால் சிலர் கோபிக்கலாம். எச்.ரி.எம்.எல். போதும், இனி அதைவிடக் கண்டிப்பான எக்ஸ்.எச்.ரி.எம்.எல்.தான் என்று அது 2000 ஜனவரியில் முடிவுகட்டியது. அந்தக் கண்டிப்பின்படி, பக்கத்தில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் உலாவி முழுப் பக்கத்தையும் காட்டாமல் நிறுத்திவிட வேண்டும். 2002இல் வரத் தொடங்கிய அதன் இரண்டாம் பதிப்பின் வரைவோ பழைய பக்கங்களோடு ஒத்துப்போக வேண்டும் என்ற கவலையையே விட்டுவிட்டது. கோட்பாட்டில் அழகான மொழி. ஒப்புநோக்குனர் தவறவிட்ட ஓர் ஒற்றெழுத்துக்காக அன்றைய பத்திரிகை முழுவதையும் அச்சியந்திரம் துப்பிவிட்டால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். மைக்ரோசொப்டின் உலாவி அதற்குரிய முறையில் அனுப்பப்பட்ட எக்ஸ்.எச்.ரி.எம்.எல். பக்கத்தை ஏற்கவே 2011 ஆயிற்று.

2004 ஜூன் 1ஆம், 2ஆம் திகதிகளில் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் கூட்டமைப்பு ஒரு பட்டறையை நடத்தியது. மொசில்லாவும் ஒபேராவும் அங்கே கூட்டாக ஒரு பத்திரம் சமர்ப்பித்தன. இருக்கின்ற எச்.ரி.எம்.எல்.ஐயே வளர்ப்போம், பழைய பக்கங்களை உடைக்காமல் முன்னேறுவோம் என்பதே அதன் சாரம். கையுயர்த்திக் கணக்கெடுத்தார்கள். ஆதரவு 8, எதிர்ப்பு 14.

எதிர்த்தவர்களிற் பலர் உலாவி செய்பவர்கள் அல்லர் என்பதே இங்கு முக்கியம். தோற்றவர்கள் இரண்டு நாட்களில், ஜூன் 4ஆம் திகதி, அப்பிளைச் சேர்ந்தவர்களோடு இணைந்து 'வட்விக்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் குழுவை அறிவித்தார்கள். அதற்கு அங்கத்துவப் பணம் இல்லை, கட்டடம் இல்லை, அரசாங்கத்தின் ஆசியும் இல்லை. ஒபேராவிலிருந்து பின்னர் கூகிளுக்குச் சென்ற இயன் ஹிக்சன் பதிப்பாசிரியராக உட்கார்ந்து எழுதினார். உலாவிகள் பிழையான பக்கத்தைக்கூட எப்படி ஒரே மாதிரி காட்டவேண்டும் என்பதை அவர் படிப்படியாக எழுதிவைத்தார். முன்னைய விதிகள் சரியான பக்கத்தைப் பற்றி மட்டுமே பேசின. உலகத்துப் பக்கங்களோ பெரும்பாலும் பிழையானவை. அந்தக் குழுவின் மதிப்பு இந்தச் சலிப்பூட்டும் உழைப்பிலிருந்தே வந்தது என்பது என் எண்ணம்.

உலகம் முழுவதையும் ஒரே தடவையில் புதிய மொழிக்கு மாற்றும் முயற்சி பலிக்கவில்லை என்று 2006 ஒக்டோபரில் பேர்னேர்ஸ்-லீ வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். நிறுவனத் தலைவர்களிடம் அரிதாகவே காணும் பண்பு அது. 2007இல் கூட்டமைப்பு வட்விக்கின் வரைவையே தனது வேலைக்கு அடிப்படையாக ஏற்றது, எக்ஸ்.எச்.ரி.எம்.எல். 2 குழு 2009 முடிவோடு கலைந்தது. எச்.ரி.எம்.எல். 5 என்ற பரிந்துரை 2014 ஒக்டோபரில் வெளியானது. அதற்குள் இரு தரப்பும் மறுபடி பிரிந்து, ஒரே மொழிக்கு இரண்டு இலக்கணங்கள் உலவின. உலாவி எழுதுபவர்கள் எதைத் திறந்து பார்த்தார்கள் என்பதிலே ஐயமில்லை. 2019 மே 28இல் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, எச்.ரி.எம்.எல்.ஐ எழுதும் பொறுப்பு வட்விக்கிடம் சென்றது. அங்கே எழுதப்படுவதைப் பார்வையிட்டுச் சம்மதம் தெரிவிப்பது கூட்டமைப்பின் பங்காயிற்று. 14 கைகள் எதிர்த்து உயர்ந்த அந்த மாலைக்கும் இந்தக் கையெழுத்துக்கும் இடையே 15 ஆண்டுகள்.

இதனைச் சிறியவர்களின் வெற்றியாகச் சிலர் கொண்டாடுவதுண்டு. என்னால் அப்படி முழுமனதோடு சொல்ல இயலவில்லை. வட்விக்கின் வழிநடத்தற் குழுவில் இருப்பவை நான்கே அமைப்புகள்: அப்பிள், கூகிள், மைக்ரோசொப்ட், மொசில்லா. புதிய அம்சமொன்று விதியில் ஏறுவதற்கு இரண்டு உலாவிகளாவது அதனைச் செய்ய முன்வர வேண்டும். ஓடிக் காட்டுவதே சான்று என்ற பழைய கொள்கைக்கு இது பொருந்துகிறது. ஆனால் ஓட்டுகின்றவர்களின் தொகை குறைந்துகொண்டே போகிறது. சான் ஹோசேயில் பத்திரம் சமர்ப்பித்த ஒபேரா 2013இல் தனது சொந்த இயந்திரத்தைக் கைவிட்டு கூகிளின் பக்கம் சென்றது. மைக்ரோசொப்டும் 2018 டிசெம்பரில் அதே வழியை அறிவித்தது. விதி எழுதுபவர்களும் உலாவி செய்பவர்களும் இன்று அநேகமாக ஒரே ஆட்கள்.

இதன் விளைவு 2017இல் தெரிந்தது. திரைப்படங்களைப் பிரதிசெய்யவிடாமல் பூட்டி அனுப்புவதற்கான ஏற்பாட்டைப் பரிந்துரையாக்குவதா என்று கூட்டமைப்பில் கடும் சர்ச்சை எழுந்தது. பாதுகாப்பு ஆய்வாளர்கள் மீது வழக்குத் தொடரமாட்டோம் என்ற உறுதிமொழியையாவது சேருங்கள் என்று மின்னணு எல்லைப்புற அறக்கட்டளை கேட்டது. அது கிடைக்கவில்லை. மேன்முறையீட்டின் மீதான வாக்கெடுப்பில் 58.4 வீதம் ஆதரவு, 30.8 வீதம் எதிர்ப்பு. முடிவு வெளியான செப்டெம்பர் 18ஆம் திகதியே அறக்கட்டளை கூட்டமைப்பிலிருந்து விலகியது. உலாவிகளில் அந்த வசதி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. கூட்டமைப்பு மறுத்திருந்தாலும் அது ஓடியே இருக்கும்.

ஆயினும் கூட்டமைப்பை வெறும் முத்திரை குத்தும் அலுவலகமாகக் கருதிவிட முடியாது. அதன் கைகள் வேறிரண்டு இடங்களில் வலுவாக உள்ளன. ஒன்று, காப்புரிமை. பரிந்துரைகளுக்குள் பொதிந்த கண்டுபிடிப்புகளுக்குக் கட்டணம் அறவிடலாம் என்றொரு வரைவு 2001இல் வந்தபோது எதிர்ப்பு மடல்கள் குவிந்தன. கூட்டமைப்பு பின்வாங்கி, கட்டணமற்ற உரிமை என்ற கொள்கையை 2004 பெப்ரவரியில் உறுதியாக்கியது.

மற்றையது, மாற்றுத்திறனாளிகளுக்கான வழிகாட்டல். அதன் முதற் பதிப்பு 1999 மே மாதம் வெளியானது. அடுத்த மாதமே அவுஸ்திரேலியாவில் புரூஸ் மக்வயர் என்ற பார்வையற்றவர், சிட்னி ஒலிம்பிக் தளத்தைத் தம்மால் வாசிக்க முடியவில்லை என்று மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டார். படங்களுக்கு எழுத்தில் விளக்கமில்லை. போட்டிகளின் அட்டவணைக்குச் செல்ல வழியில்லை. சரிசெய்வதற்குப் பெருஞ்செலவாகும் என்றது ஏற்பாட்டுக் குழு. 2000 ஓகஸ்டில் தீர்ப்பு மக்வயரின் பக்கம் வந்தது. தளம் முழுமையாகத் திருத்தப்படாததால் பின்னர் 20,000 டொலர் நட்டஈடும் விதிக்கப்பட்டது.

உலாவி செய்யும் கம்பனி எதுவும் தானாகக் கேட்டுப் பெற்ற விதியல்ல இது. பயன்படுத்த முடியாமல் வெளியே நின்றவர் சட்டத்தின் கதவைத் தட்டியபோது, எது போதுமானது என்று சொல்வதற்கு நீதிபதிகளுக்கும் அரசாங்கங்களுக்கும் ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. அது கூட்டமைப்பிடம் தயாராக இருந்தது. 2008இல் வந்த அவ்வழிகாட்டலின் இரண்டாம் பதிப்பு 2012இல் சர்வதேச நியமமாகவும் ஏற்கப்பட்டது. முன்னொரு காலத்தில் இணையச் செயலணியிடம் தோற்றுப்போன அதே சர்வதேச நியம நிறுவனம்தான் இலக்கமிட்டுக் கொடுத்தது. அமெரிக்கக் கூட்டரசின் கொள்வனவு விதிகளும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016ஆம் ஆண்டுப் பணிப்புரையின் கீழமைந்த நியமமும் அதன்மேல் நிற்கின்றன. 2023 ஜனவரியில் கூட்டமைப்பு தனக்கெனச் சட்ட ஆளுருவம் கொண்ட இலாப நோக்கற்ற நிறுவனமாயிற்று.

அண்மையில் இணையக் காப்பகமொன்றில் எங்கள் பழைய நாளிதழின் பக்கமொன்று அகப்பட்டது. தலைப்புப் பட்டை, அட்டவணை, இணைப்புகள் யாவும் அன்றைக்கு இருந்தபடியே இன்றைய உலாவியிலும் திறந்தன. பழைய பக்கங்களை உடைக்கக் கூடாது என்று சான் ஹோசேயில் தோற்றவர்கள் பிடித்த பிடிவாதத்தின் பலன் அது. நான் எழுதிய செய்தியும் அங்கே இருந்தது. அதன் எழுத்துரு எந்தப் பொது விதிக்குள்ளும் அடங்காத ஒன்று. அதன் கோப்பும் எங்கோ தொலைந்துவிட்டது. ஆங்கில எழுத்துக்களும் புள்ளிகளும் அடைப்புக்குறிகளுமாக நான்கு பத்திகள் தெரிந்தன. எதைப் பற்றி எழுதினேன் என்பதை என்னாலேயே வாசிக்க முடியவில்லை.